புறநகரில் ஒரு மனை

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிச் சாலையிலோ, தஞ்சைச் சாலையிலோ, அறந்தாங்கிச் சாலையிலோ சிறிது தொலைவு சென்றால், அண்மைக் காலம் வரை கடலை விளைந்த செம்மண் கொல்லையில் வண்ணக் கொடிகள் பறப்பதைக் காணலாம். வரிசையாக நட்ட சிறு கற்களில் எண்கள் எழுதப்பட்டிருக்கும். சாலையோரத்தில் ஒரு வளைவும், அதில் ஏதேனும் ஒரு நகரின் பெயரும் இருக்கும். அந்தக் கொல்லையை விற்ற குடியானவர் பெரும்பாலும் ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினராய் இருப்பார். தறிக்கூலியில் மிச்சம் பிடித்து அங்கே ஒரு மனைக்கு முன்பணம் கொடுப்பவர் ஒரு நெசவாளர் சங்கத்தின் அங்கத்தினராய் இருக்கக் கூடும். விற்பவரும் நம்மவர், வாங்குபவரும் நம்மவர். நடுவில் நிற்பவர் மட்டுமே வேற்றார். ஏக்கர்க் கணக்கில் வாங்கிச் சதுர அடிக் கணக்கில் விற்பது அவருடைய தொழில். அத்தொழிலைக் குற்றமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதில் இலாபம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை நம் அங்கத்தினர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வீதிக்கு விட்டது போக எஞ்சியதெல்லாம் மனை. ஆகவே வீதி குறுகினால் மனை பெருகும். 300 அடி நீளமுள்ள ஒரு வீதியை 30 அடி அகலத்தில் விடுவதற்குப் பதிலாக 20 அடியில் விட்டால் 3,000 சதுர அடி மிச்சமாகும். 1,200 சதுர அடி கொண்ட மனை இரண்டரை அதில் கிடைக்கும். அந்த இரண்டரை மனையின் விலை ஒருவருடைய பைக்குள் போக, அந்தக் குறுகிய வீதியில் வண்டி திருப்ப முடியாத தொல்லை அங்குக் குடியேறுவோரின் பேரன் காலம் வரை நிற்கும். வாய்க்காலுக்கு விட வேண்டிய இடமும், பூங்காவுக்கு விட வேண்டிய இடமும் இதே கணக்கில்தான் மறைகின்றன.

நம் புதுக்கோட்டை நகரத்தார்க்கு வீதியின் அருமையை வேறொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஜய ரகுநாதத் தொண்டைமான் ஆட்சியில், ஊர் தீக்கு இரையான பின்னர் நேரான அகன்ற வீதிகளோடு அது மீண்டும் அமைக்கப்பட்டது. நான்கு ராஜ வீதிகளையும் அவற்றுக்குப் பின்னே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண்ணிட்டு அமைந்த தெருக்களையும் இன்றும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்து செல்லலாம். பின்னர் 1878 முதல் 1894 வரை சமஸ்தான நிருவாகத்தை நடத்திய சேஷையா சாஸ்திரியார் குளங்களைச் சீர்ப்படுத்தினார். வீதியும் குளமும் முதலில், வீடு அதன் பின் என்ற முறை அன்று இருந்தது. இப்பொழுது சுற்றுப்புறத்தில் எழும் குடியிருப்புகளில் வீடு முதலில் வருகிறது. வீதிக்கு மனுப் போடுகிறோம். குளத்தை மறந்து விடுகிறோம்.

1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அது முதற்கொண்டு அலுவலர்களும் ஆசிரியர்களும் வந்து குடியேறியதால் நகரம் எல்லாத் திசைகளிலும் வளர்ந்தது. 2024-இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டுச் சுற்றிலுமிருந்த ஊராட்சிகள் சில அதனோடு சேர்க்கப்பட்டன. வரி உயரும், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை போய்விடும் என்று அவ்வூர்களில் எதிர்ப்பும் எழுந்தது. இந்த மாறுதலால் புறநகர் நிலத்தின் விலை பற்றிய பேச்சு சூடேறியிருப்பதில் வியப்பில்லை. விலை பற்றிய பேச்சு நிறைய நடக்கிறது. நீரைப் பற்றிய பேச்சு நடக்கக் காணோம்.

நீரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இம்மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறும் அக்கினியாறும் மழை பெய்தால் ஓடும். இல்லையேல் மணலைக் காட்டும். ஆகையால் நம் முன்னோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளையும் கண்மாய்களையும் வெட்டி வைத்தனர். ஒரு கண்மாய் நிரம்பினால் அதன் கலிங்கு வழியே நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்குப் போகும். சங்கிலிபோல் அமைந்த இந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணியை அடைத்தால், மேலே உள்ளவன் முழுகுவான், கீழே உள்ளவன் காய்வான். மனைப் பிரிவினை செய்பவர் நிலத்தைக் காட்ட அழைத்துச் செல்வது சித்திரையிலோ வைகாசியிலோதான். அப்போது வரத்து வாய்க்கால் புல் முளைத்த பள்ளமாகத் தோன்றும். இரண்டு லாரி மண் கொட்டினால் அதுவும் தோன்றாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பள்ளம் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்து புது வீட்டின் படியேறும்.

எனவே மனையைப் பார்க்க விரும்பும் அங்கத்தினர் அடைமழை நாளில் ஒரு முறை போய்ப் பார்த்தல் நலம். அது இயலாதெனில் அங்கு மாடு மேய்க்கும் முதியவரைக் கேட்கலாம். தரகர் சொல்லாததை அவர் சொல்வார்: நீர் எந்தப் பனைமரம் வரை ஏறி நின்றது, எந்த ஆண்டில் வரப்பு உடைந்தது, மடை எங்கே இருந்தது. இதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. கிராம வரைபடம், புல வரைபடம், 'அ' பதிவேடு ஆகிய மூன்றிலும் ஓடை, வாய்க்கால், வண்டிப் பாதை, ஊருணி யாவும் புறம்போக்கு என்று குறிக்கப்பட்டிருக்கும். புல வரைபடமும் பதிவேட்டின் விவரமும் இப்பொழுது இணையத்திலேயே கிடைக்கின்றன. தாமாகப் பார்க்கத் தெரியாதவர் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு பார்க்கலாம். 2007-இல் இயற்றப்பட்ட ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி ஏரி நிலத்தில் எழுந்த வீட்டை அகற்ற அரசினருக்கு அதிகாரம் உண்டு. பணம் கொடுத்து வாங்கினேன் என்ற முறையீடு அங்கே எடுபடாது.

குடிநீரும் ஒரு கேள்வியே. நகருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது. புதிய குடியிருப்பில் அந்தக் குழாய் வந்துவிட்டதா, வரும் என்று சொல்லப்படுகிறதா என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு போடலாம் என்பவர்கள், செம்பாறாங்கல்லுக்கு அடியில் கரும்பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது என்று பக்கத்து வீட்டாரிடம் விசாரிக்க வேண்டும். கிழக்கே கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் பூவும் தென்னையும் வாழையும் வளர்ப்போர் நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போய்விட்டதைப் பல காலமாகச் சொல்லி வருகின்றனர்.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். தரகர் காட்டும் பட்டாவைக் கண்டு மயங்குவோர் அதிகம். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. உரிமைக்கு அது துணைச்சான்று ஆகுமேயன்றி, அதுவே உரிமையாகிவிடாது. வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், உரிமை கோரக்கூடிய வாரிசு, எழுத்தில் வராத கடன் எதுவும் அதில் இராது. தாய்ப்பத்திரம் முதல் இன்று வரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் கோத்துப் பார்த்தால்தான் நூல் அறுந்த இடம் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் கண்ணுக்கு உடனே தெரிகிறதல்லவா? பத்திரங்களின் வரிசையையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

அறுந்த இழை பெரும்பாலும் பெண்மக்கள் பக்கத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடெங்கும் மகளுக்கும் மகனுக்கும் அவ்வுரிமை சமமாயிற்று. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் தெளிவாக்கியது. ஆயினும் அண்ணன் தம்பியர் மட்டும் கையொப்பமிட்டு விற்ற கொல்லைகள் எத்தனையோ உண்டு. "தங்கச்சிக்குச் சீர் செய்தாயிற்று, அவள் கேட்க மாட்டாள்" என்று விற்பவர் உண்மையாகவே நம்பிச் சொல்லலாம். அவள் கேட்காவிடினும் அவள் மக்கள் கேட்பர். விற்கும் அங்கத்தினர் தம் உடன்பிறந்த பெண்களையும் கையொப்பமிடச் செய்வதும், அவர்கள் பாகத்தை அவர்கள் கையிலேயே கொடுப்பதும் வாங்குபவருக்கு மட்டுமன்றித் தமக்கும் பாதுகாப்பு ஆகும்.

பழைய சமஸ்தானப் பகுதியாதலால் இங்கே இனாம் நிலமும் கோயில் நிலமும் மிகுதி. 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின்படி ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. பூதான நிலம், பஞ்சமி நிலம், நிபந்தனையோடு அரசினர் ஒப்படை செய்த நிலம் ஆகியவற்றிலும் இத்தகைய தடைகள் உண்டு. தலைமுறை தலைமுறையாக உழுது வந்தவர் கையில் இருக்கிறதே என்று எண்ணி வாங்குபவர் ஏமாந்து போவார்.

விற்பவர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. நிலத்தை மொத்தமாக வாங்கும் ஆள் பல சமயங்களில் கிரயப்பத்திரம் எழுதிக்கொள்வதில்லை. குடியானவரிடம் பொது அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டு, அவர் பெயராலேயே மனைகளை விற்கிறார். முத்திரைத் தீர்வை அவருக்கு மிச்சம். ஆனால் மனைகளை விற்றவர் என்று எழுத்தில் நிற்பவர் குடியானவர். ஒரே மனை இருவருக்கு விற்கப்பட்டாலும், வாக்களித்த சாலை போடப்படாவிட்டாலும், நீதிமன்ற அழைப்பு குடியானவர் வீட்டுக்குத்தான் வரும். அதிகாரப் பத்திரத்தினாலேயே நிலத்தின் உரிமை மாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்த்துரைத்திருக்கிறது. ஆகவே பணத்தை முழுவதும் பெற்றுக் கிரயம் எழுதிக் கொடுப்பதே குடியானவருக்கு நல்லது. மீதிப் பணம் மனை விற்ற பிறகு என்ற பேச்சுக்கு இணங்கலாகாது.

இவையெல்லாம் பழைய சிக்கல்கள். 2016-இல் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளின் பத்திரங்களைப் பதிவு செய்யலாகாது எனத் தடை விதித்தது. விளைநிலங்கள் அனுமதியின்றி மனைகளாக மாறுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். நோக்கம் நன்று என்றே நான் கொள்வேன். ஆனால் அன்றைய நிலையில் அதன் சுமை யார் தலையில் விழுந்தது? பிரிவினை செய்தவர் விற்று முடித்துப் போய்விட்டார். மகள் திருமணத்துக்கு விற்கலாம் என்று ஒரு மனையை வாங்கி வைத்திருந்தவர் விற்க முடியாமல் நின்றார். 2017-இல் அரசினர் வரன்முறை விதிகளைக் கொணர்ந்தனர். 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் செலுத்தினால் வரன்முறை உண்டு என்றனர். சாலைக்கும் வடிகாலுக்குமான வளர்ச்சிக் கட்டணத்தை, அவற்றைப் போடாமல் இலாபம் கண்டவர் கட்டாமல், மனைக்காரரே கட்ட நேர்ந்தது. ஒருமுறை விலையிலும் மறுமுறை கட்டணத்திலுமாக ஒரே வீதிக்கு அவர் இருமுறை பணம் தந்தார்.

ஆதலால் இன்று மனை வாங்குபவர் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண்ணைக் கேட்டு, அந்த ஒப்புதல் படத்தையும் நிலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "ஊராட்சித் தலைவர் கையொப்பம் இருக்கிறது" என்பது ஒப்புதல் ஆகாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின், 2016-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்த எண்ணும் இருத்தல் வேண்டும். இவ்விரு எண்களும் உள்ள மனையில் பின்னால் வீடு கட்டுவதும் எளிது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு, உரிமையாளர் தாமே சான்றளித்து இணையவழி அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

செலவுக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. ஆறு இலட்சம் மதிப்புள்ள மனைக்குத் தீர்வை 42,000 ரூபாயும் கட்டணம் 12,000 ரூபாயும் ஆக 54,000 ரூபாய் ஆகும். பத்து இலட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைவு என்ற சலுகை 2025 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. மேற்சொன்ன மனையில் அது 6,000 ரூபாய். சலுகைக்காக மட்டுமன்றி வேறொரு காரணத்துக்காகவும் மனை மனைவியின் பெயரில் இருப்பது தகும். பாவு சுற்றுவதும் தார் சுற்றுவதும் அவள் கை உழைப்பு. கூலிப் புத்தகத்தில் அவள் பெயர் இல்லாவிடினும் பத்திரத்தில் இருக்கட்டுமே.

வீட்டின் அமைப்புக்கு வரும்போது நெசவாளர் மற்றவரைப் போல யோசிக்க முடியாது. அவருக்கு வீடே தொழிற்சாலை. குழித்தறிக்குத் தரை உலர்ந்திருக்க வேண்டும். மழைக் காலத்தில் ஊறும் தாழ்வான மனையில் குழியில் நீர் சுரக்கும், கால் வைக்க முடியாது, நூலும் ஈரம் ஏறும். தறிக்கூடத்துக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் வேண்டும். பக்கத்து மனையில் மாடி எழுந்தால் அந்த வெளிச்சம் போய்விடுமா என்பதை அடித்தளம் போடும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் பாவை நீட்டிக் கஞ்சி போடத் தெரு நேராகவும் நீளமாகவும் இருத்தல் வேண்டும். பழைய நெசவாளர் தெருக்கள் அகன்றிருப்பதற்கு இதுவே காரணம். கொடி பறக்கும் புதிய நகர்களில் தெரு வளைந்தும் குறுகியும் கிடக்கிறது. இருமருங்கும் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. 1953-இல் ஆலைத்துணி மீது விதித்த தீர்வையின் நிதியிலிருந்து நெசவாளர் குடியிருப்புகள் கட்டிய காலத்தில், தறிக்கு இடம் விட்டே வீடு வரையப்பட்டது. தனி மனையில் தனியாகக் கட்டுபவர் அந்த யோசனையைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

விவசாயிக்கு மாட்டுக்கொட்டகை, வைக்கோற்போர், எரு முதலியவற்றுக்கு இடம் வேண்டும். புறநகரில் அண்டை வீட்டார் அலுவலராய் இருப்பின் எருக்குழியால் மனத்தாங்கல் வரும். இதைச் சிறிதென்று எண்ணற்க. நல்ல அண்டையைக் கெடுத்துக்கொண்டவருக்கு நல்ல மனையால் பயனில்லை. மரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வீசியபோது ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னைகள் எண்ணிலடங்காமல் சாய்ந்தன. ஓடும் தகரமும் பறந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாட்கள் பல ஆயின. வீட்டுக்கு நிழல் தேவைதான். ஆனால் மரம் விழுந்தால் எவ்வளவு நீளம் விழும் என்று அளந்து, அவ்வளவு விலக்கி நடுவது அறிவு.

நகரத்திலிருந்து நான்கு கல் தொலைவு என்றால் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எப்படிப் போவது என்று தயங்குவோர் உண்டு. அதிலும் வீட்டிலுள்ள பெண்களின் போக்குவரத்தே முதன்மை. இம்மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பல்லாயிரக்கணக்கான பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள் உட்பட, எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். தொலைவு என்பது அன்றே பாதியாயிற்று. பேருந்து நேரத்தையும் தெருவிளக்கையும் மாலை ஏழு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பகலில் பார்த்தால் இரண்டும் தெரியாது.

இத்தனையையும் ஒருவர் தனியே செய்வது அரிது. வழக்கறிஞர் கட்டணம், நில அளவர், அலைச்சல் ஆகியவை ஒரு மனைக்கும் நூறு மனைக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் சுமந்தால் பாரம். இருபதின்மர் பகிர்ந்தால் தெரியாது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-இல், நெசவாளர் பலர் அடங்கிய 28 பேர் கூடிக் கடை தொடங்கிய கதை நம் அங்கத்தினர் யாவரும் கேட்டதே. கடை அவர்களுடைய முதல் நோக்கமாக மட்டும் இருந்தது. அங்கத்தினர் குடியிருக்க வீடுகளை வாங்குவது அல்லது கட்டுவது அடுத்த நோக்கம். வேலையற்ற அங்கத்தினர் பயிரிட நிலம் வாங்குவது மற்றொரு நோக்கம். நெசவும் வீடும் நிலமும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தன. நம் நாட்டிலும் சென்னை அடையாற்றின் காந்தி நகர் 1940-களின் இறுதியில் ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் அமைந்ததே. அங்குள்ள வீதிகளை இன்று போய்ப் பார்ப்பவருக்கு, இலாபம் எடுப்பவர் நடுவில் இல்லாவிடில் வீதி எவ்வளவு அகலும் என்பது விளங்கும்.

கூட்டுறவு வீட்டு வசதியின் குறையையும் மறைக்கலாகாது. கடன் தவணை நின்று, பல வீட்டு வசதிச் சங்கங்கள் நலிந்தன. ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கும் பத்திரம் திரும்பக் கிடைக்கத் தாமதம் ஆனதுண்டு. கடன் கொடுப்பதையே சங்கத்தின் வேலையாகக் கொண்டதால் வந்த வினை அது. ஆகவே இப்பொழுது நான் சொல்வது கடன் சங்கத்தைப் பற்றியதன்று. நிலம் விற்க எண்ணும் ஒரு விவசாய அங்கத்தினரும், மனை தேடும் இருபது நெசவுக் குடும்பங்களும் தத்தம் சங்கங்களின் வாயிலாக ஒருவரையொருவர் அறிந்து, நடுவரின்றிப் பேசட்டும். நிலத்தின் மூலப்பத்திரங்களை ஒரே வழக்கறிஞர் பார்க்கட்டும். ஒப்புதலுக்கு ஒரே மனு போகட்டும். விற்பவருக்கு ஏக்கர் விலைக்கு மேல் கிடைக்கும். வாங்குபவருக்குச் சதுர அடி விலைக்குக் கீழ் கிடைக்கும். வாய்க்காலுக்கு விட வேண்டிய இடத்தை விட்டால், கீழ்க்கண்மாய்க்காரரும் பகைவர் ஆகார்.

ஒப்புதல் பெறும்போது சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பத்திரம் பதிவாகாதவரை அந்த வீதி சட்டத்தில் வீதியாகாது; விளக்கும் குழாயும் கேட்டு மனுப் போட்டாலும் தனியார் இடம் என்றே பதில் வரும். பதிவான பின் அதன் படி ஒன்றைச் சங்க அலுவலகத்திலும், மற்றொன்றை அத்தெருவில் முதலில் குடியேறுபவர் வீட்டிலும் வைத்துக்கொள்வது நன்று.